பாம் கைக்கருவியில் நூல் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2000-ஆம் ஆண்டு சான் ஹோசேயில் வேலை பார்த்தபோது பாம் (Palm) நிறுவனத்தின் 3எக்ஸ்இ என்ற கையடக்கக் கணினி ஒன்றை வாங்கினேன். அது இன்றும் என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவில் அதில் பத்துப் பக்கமாவது படித்துவிட்டுத்தான் படுக்கிறேன். அதைப் பார்த்தவர்கள், அப்பாவின் பழைய அலமாரியில் ஒன்றைக் கண்டெடுத்தவர்கள், ஆசைப்பட்டு ஒன்றை வாங்கியவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். மாடல் எண்களைக் கருவியின் மேல் ரோமன் எண்களில் பொறித்திருப்பார்கள்; இங்கே சாதாரண எண்களில் எழுதுகிறேன்.

1. சித்தப்பா, இது பழைய செல்போனா?

இல்லை. இதில் பேச முடியாது, சிம் கார்டும் கிடையாது. முகவரிப் புத்தகம், நாட்குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், குறிப்பேடு ஆகிய நான்குக்கும் கீழே ஒவ்வொரு பொத்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்திய கணமே அந்தப் பக்கம் திறந்துவிடும். காத்திருக்க வேண்டியதே இல்லை. இந்த நான்கோடு, நாமே ஏற்றிக்கொள்ளும் மென்பொருளால் நூலும் படிக்கலாம். 2007-இல் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வருவதற்கு முன்பே ஏராளமானோர் கையில் வைத்து மின்னூல் படித்தது இந்தக் கருவியில்தான்.

2. இதைச் செய்தவர் மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராமே, உண்மையா?

உண்மை. ஜெஃப் ஹாக்கின்ஸ் கருவி உருவாகும் முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போய்வந்தார். யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால் கட்டையை எடுத்து அதில் எழுதுவதுபோலப் பாவனை செய்து பார்ப்பார். சட்டைப்பைக்கு அடங்குமா, எத்தனை பொத்தான் தேவைப்படும் என்பதெல்லாம் அப்படித்தான் தீர்மானமாயின. அந்தக் கட்டை இப்போது கலிபோர்னியாவில் மவுன்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹாக்கின்ஸ், டானா டுபின்ஸ்கி, எட் காலிகன் ஆகியோர் சேர்ந்து 1996-இல் முதல் கருவிகளைக் கொண்டுவந்தார்கள்: பைலட் 1000, பைலட் 5000. நினைவகம் முறையே 128 கிலோபைட், 512 கிலோபைட். பைலட் பேனா நிறுவனம் வழக்குத் தொடுத்ததால் பின்னர் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். 1998-இல் வந்த கருவிக்கு வெறும் பாம் 3 என்றுதான் பெயர்.

3. படிப்பதற்காக ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்த மாடலை வாங்குவது?

3எக்ஸ்இ வாங்குங்கள். 8 மெகாபைட் நினைவகம். கடையில் கிடைக்கும் பேட்டரியில் ஓடும். அதன் உடன்பிறப்பான 5எக்ஸ் பார்ப்பதற்கு இதைவிட அழகு: மெலிந்த உலோக உடல், கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் அதன் லித்தியம் பேட்டரி உள்ளே இருக்கிறது. உடலைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். இருபது ஆண்டு கடந்த பேட்டரியை மாற்ற வேண்டுமானால் சூடு காட்டிப் பசையை இளக்கித்தான் திறக்க வேண்டும். கைப்பழக்கம் இருப்பவர்கள் செய்யலாம்.

2001-இல் வந்த எம்500-இல் எஸ்டி கார்டு செருகும் இடம் உண்டு. கார்டில் வைத்த நூல் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாது. அது எவ்வளவு பெரிய வசதி என்பது 5-ஆம் கேள்வியைப் படித்தால் தெரியும். அதிலும் பேட்டரி உள்ளேதான்.

4. என்ன பேட்டரி போட வேண்டும்? எத்தனை நாள் வரும்?

கறுப்பு-வெள்ளைத் திரையுள்ள 3 வரிசைக் கருவிகளுக்கு டிரிபிள் ஏ இரண்டு. கடைக்காரரிடம் ஆல்கலைன் என்று சொல்லிக் கேளுங்கள். டிவி ரிமோட்டுக்கு என்று மலிவாகத் தரும் துத்தநாக பேட்டரி சீக்கிரம் தீரும், கசியவும் செய்யும். விளக்கு போடாமல் படித்தால் ஒரு ஜோடி எனக்கு மூன்று, நான்கு வாரம் வருகிறது.

திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரியும் போடலாம். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட், ஆல்கலைனுக்கு 1.5. அதனால் முழுதாகச் சார்ஜ் செய்து போட்டாலும் திரையில் உள்ள அளவுக்குறி பாதி தீர்ந்ததுபோலக் காட்டும். பயப்பட வேண்டாம். ஆனால் கடைசி நேரத்தில் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் எச்சரிக்கை வந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

5. பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்கிறார்களே?

அழிந்துவிடும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். இன்றைய போனில் நாம் எழுதுவது மின்சாரம் இல்லாமலும் நிலைத்திருக்கும் நினைவகத்தில் பதிகிறது. பாமில் நூல், குறிப்பு, முகவரி எல்லாம் மின்சாரம் ஓடும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் சில்லில் இருக்கின்றன. கருவியை அணைத்தாலும் அந்தச் சில்லுக்குத் துளித் துளியாக மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தாலும் பேட்டரி தீரும். தீர்ந்தபின் கருவி பிறந்த குழந்தைபோல ஆகிவிடும்.

பேட்டரி மாற்றும்போது உள்ளே இருக்கும் ஒரு மின்தேக்கி சுமார் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கும். அது புதிதாக இருந்தபோது சொன்ன கணக்கு. இத்தனை ஆண்டுக்குப் பிறகு அதை நம்பக் கூடாது. ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டால் மின்சாரம் அறுபடாது என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு பேட்டரியும் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றை எடுத்தாலே இணைப்பு அறுந்துவிடும். எனவே முதலில் கணினியோடு ஹாட்சிங்க் செய்துகொள்ளுங்கள். ஹாட்சிங்க் என்பது கருவியில் உள்ளதைக் கணினியில் ஒரு படி எடுத்து, இரண்டையும் ஒன்றாக்குவது. பிறகு புது பேட்டரிகளைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

2004-இல் ஊருக்கு இரண்டு மாதம் வந்திருந்தேன். என் அத்தை, எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறைப் பெயர்களை, யார் எந்த ஊரில் பெண் கொடுத்தார்கள், யார் பர்மா போனார்கள் என்பது உட்பட, திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். திரும்பிப் போனதும் வேலை நெருக்கடியில் கருவியை இழுப்பறையில் போட்டவன் ஆறு வாரம் எடுக்கவில்லை. எடுத்தபோது எதுவும் இல்லை. மறுமுறை கேட்க அத்தை இல்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஹாட்சிங்க் செய்கிறேன், ஒரு வாரமும் தவறியதில்லை.

6. இத்தனை சின்னத் திரையில் ஒரு நாவலை முழுதாகப் படிக்க முடியுமா?

முடியும். நான் படித்த தடித்த நாவல்களில் பாதி இதில் படித்தவை. திரை 160-க்கு 160 புள்ளி. சாதாரண எழுத்தில் ஒரு திரைக்குப் பத்திலிருந்து பதினான்கு வரி வரும். முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் கட்டைவிரல் தானாகவே கீழ்ப் பொத்தானை அழுத்தத் தொடங்கிவிடும். வரி குறுகலாக இருப்பதால் கண் இடமிருந்து வலமாக ஓட வேண்டியதில்லை. செய்தித்தாள் பத்தியைப் படிப்பதுபோல மேலிருந்து கீழே இறங்கும்.

கவிதைக்கு இது உதவாது. நீண்ட அடிகள் ஒடிந்துபோகும். படம், அட்டவணை உள்ள நூல்களுக்கும் உதவாது.

7. எத்தனை நூல் கொள்ளும்?

நடுத்தர ஆங்கில நாவல் ஒன்று வெறும் எழுத்தாக 500 கிலோபைட் இருக்கும். டாக் என்ற வடிவத்தில் சுருக்கினால் ஏறக்குறையப் பாதியாகும். 8 மெகாபைட்டில் உங்கள் முகவரி, குறிப்புகள், வாசிப்பு மென்பொருள் எல்லாம் போக இருபது நாவல் தாராளமாக அடங்கும். பைலட் 1000-இன் 128 கிலோபைட்டில் ஒரு நாவல்கூட முழுதாக அடங்காது. அதனால்தான் படிப்பதற்கு அந்த முதல் மாடல்களை நான் சொல்லவில்லை.

8. இன்றைய லேப்டாப்பிலிருந்து நூலை எப்படி ஏற்றுவது? செருகும் முனையே வேறாக இருக்கிறதே.

நூலைத் தயாரிப்பது எளிது. காலிபர் என்ற இலவச மென்பொருள் இன்றும் பாமுக்கான பிடிபி கோப்பாக மாற்றித் தருகிறது. பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்திலிருந்து ஒன்றை இறக்கி, காலிபரில் மாற்றினால் ஒரு நிமிட வேலை. கருவியில் படிக்க சிஸ்பாட்ரன் என்ற சிறு மென்பொருள் போதும். இணையப் பக்கங்களைச் சேமித்துப் படிக்க பிளக்கர் நல்லது. இரண்டும் இலவசம்.

கருவிக்குள் அனுப்புவதுதான் சிரமம். 3 வரிசையோடு வரும், கருவியை நிறுத்தி வைக்கும் பீடத்தின் வயர் ஒன்பது ஊசி சீரியல் முனையில் முடிகிறது. இன்றைய லேப்டாப்பில் அது இல்லை என்பதால், யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் வயர் ஒன்று வாங்க வேண்டும். மிக மலிவானதை வாங்காதீர்கள். பாதி வழியில் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜே-பைலட் என்ற மென்பொருள் நன்றாக உதவும். நான் இதற்காகவே சீரியல் முனை உள்ள பழைய லேப்டாப் ஒன்றை விண்டோஸ் எக்ஸ்பியோடு வைத்திருக்கிறேன். இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் சொன்னாலும் அதைக் கொடுக்க மாட்டேன்.

நண்பரிடமும் பாம் இருந்தால் கணினியே வேண்டாம். இரண்டு கருவிகளின் தலையையும் எதிரெதிரே வைத்தால் அகச்சிவப்புக் கதிரில் நூல் போய்ச் சேர்ந்துவிடும். இது பாம் 3-இலிருந்து உண்டு.

9. ஸ்டைலஸால் (கருவியோடு வரும் எழுதுகுச்சியால்) எழுதினால் எதையோ எழுதுகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லோருக்கும் முதலில் இப்படித்தான். இந்தக் கருவி உங்கள் கையெழுத்தைப் படிப்பதில்லை. அதன் எழுத்தை நீங்கள் கற்க வேண்டும். கிராஃபிட்டி என்று பெயர். கையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் ஒவ்வோர் எழுத்து. ஆங்கில ஏ எழுத்துக்கு நடுக்கோடு கிடையாது, தலைகீழ் வி மட்டும். திரைக்குக் கீழே உள்ள கட்டத்தின் இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தால் இடைவெளி, வலமிருந்து இடமாக இழுத்தால் முந்தைய எழுத்து அழியும். நிறுத்தற்குறிக்கு முன் ஒரு புள்ளி தொட வேண்டும். இரண்டு புள்ளி தொட்டால் முற்றுப்புள்ளி.

மூடியின் உள்ளே ஒட்டிய அட்டையைப் பார்த்து ஒரு மணி நேரம் எழுதிப் பழகுங்கள். நாற்பது வயதுக்கு மேல் கற்றவர்களும் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

10. என் நண்பனுடைய பாமில் எழுத்து முறை வேறாக இருக்கிறதே?

அது 2003-க்குப் பிந்தைய கருவியாக இருக்கும். ஒரே இழுப்பு எழுத்து தங்கள் காப்புரிமை என்று ஜெராக்ஸ் நிறுவனம் 1997-இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பாம் கிராஃபிட்டி 2 என்ற வேறு முறைக்கு மாறியது. அதில் டி (t), கே (k) போன்ற எழுத்துகளுக்கு இரண்டு இழுப்பு. பழைய முறை கையில் ஊறியவர்களுக்கு அது இடறுகிறது. எனக்கும் பழையதுதான் பிடிக்கும்.

11. ஐயா, இதில் தமிழ் நூல் படிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல ஆசை. ஆனால் முடியாது. பாம் இயங்குதளம் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற மேற்கத்திய எழுத்துக் குறியீட்டில் ஓடுகிறது. யூனிகோடு அதற்குத் தெரியாது. தமிழ் யூனிகோடு கோப்பை ஏற்றினால் குறிகளும் உச்சிப்புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளுமாகக் கொட்டும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களை மின்னூலாக்கத் தொடங்கியதும், பாம் கருவிகள் பரவியதும் ஒரே காலம். உலகின் பல மூலைகளிலிருந்து தமிழர்கள் சங்கப் பாடல்களைத் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூல்கள் இருந்தன, கைக்கருவி இருந்தது, இரண்டையும் சேர்க்கும் எழுத்துரு கருவிக்குள் இல்லை. அந்த ஏக்கம் எனக்கு இன்றும் இருக்கிறது.

எழுத்துரு இருந்திருந்தாலும் இந்தத் திரையில் தமிழ் சிரமப்பட்டிருக்கும். பாமின் சாதாரண எழுத்து பதினொரு புள்ளி உயரம். அதற்குள் மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் வேறுபடுத்தி வரைந்து பாருங்கள், தெரியும். கௌ, ணொ போன்றவை அகலத்தையும் விழுங்கிவிடும். எனவே தமிழ் படிக்கப் பாமை வாங்க வேண்டாம். ஆங்கிலம் படிக்கவும், கணக்கும் முகவரியும் வைத்துக்கொள்ளவும் வாங்குங்கள்.

12. ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது திறக்கிறது. திரை போய்விட்டதா?

பெரும்பாலும் போகவில்லை. பிரெஃப்ஸ் என்ற செயலியில் டிஜிடைசர் என்று ஒரு பக்கம் உண்டு. திரையில் தோன்றும் குறிகளின் நடுவில் சரியாகத் தொட்டால் சீராகிவிடும். ஸ்டைலஸின் கூர்முனையால் மட்டும் தொடுங்கள், விரல் வேண்டாம். எழுதும் கட்டம் கீறல் விழுந்து தேய்வது இன்னொரு காரணம். அதன்மேல் மங்கலான ஒட்டுநாடாவை அளவாக வெட்டி ஒட்டுவது பழைய பயனர்களின் வழக்கம். காகிதத்தில் எழுதும் பிடிப்பும் கிடைக்கும்.

13. கருவி அப்படியே உறைந்து நிற்கிறது. பேட்டரியைக் கழற்றிப் போடட்டுமா?

வேண்டாம், வேண்டாம். ஏன் என்று 5-இல் சொல்லியிருக்கிறேன். பின்புறம் ஒரு சிறு துளை இருக்கும். பாம் 3-இன் ஸ்டைலஸ் தலையைத் திருகிக் கழற்றினால் அதற்கான ஊசி உள்ளேயே இருக்கிறது. இல்லாவிட்டால் நிமிர்த்திய பேப்பர் கிளிப். மெல்ல அழுத்தி விடுங்கள். கருவி புதிதாகத் தொடங்கும், உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். மின் பொத்தானை அழுத்திக்கொண்டே துளையை அழுத்தினால் மட்டும் எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் படிக்காமல் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள்.

14. இருட்டில் படிக்கலாமா?

மின் பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு எரியும். மங்கிய பச்சை வெளிச்சம். பேட்டரியை வேகமாகத் தின்னும். படுக்கையருகே ஒரு மேசை விளக்கு வைத்துக்கொள்வதே மேல்.

15. 2001-இல் காசு கொடுத்து வாங்கிய மின்னூல்கள் ஒரு சிடியில் இருக்கின்றன. விற்ற கடையே இப்போது இல்லை. திறக்குமா?

திறக்க வாய்ப்பு உண்டு. 1998-இல் தொடங்கிய பீனட் பிரஸ் பாமுக்கு மின்னூல் விற்றது. 2001-இல் அதைப் பாம் வாங்கியது. பிறகு ஈரீடர் என்ற பெயரில் கைமாறிக் கைமாறி பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற அமெரிக்கப் புத்தகக் கடை நிறுவனத்திடம் போய், 2012-இல் மூடப்பட்டது. அந்த நூல்களுக்குப் பூட்டு உண்டு. ஆனால் சாவி எந்தச் சர்வரிலும் இல்லை: வாங்கியவரின் பெயரும், வாங்கப் பயன்படுத்திய கிரெடிட் கார்டு எண்ணும்தான் சாவி. முதல் முறை திறக்கும்போது இரண்டையும் கருவியே கேட்கும், தானே சரிபார்த்துக்கொள்ளும்.

எனவே பழைய கார்டு அறிக்கைகளைத் தேடுங்கள். கார்டு காலாவதியாகியிருந்தாலும் கவலையில்லை. வாங்கிய நாளில் இருந்த எண் வேண்டும். பெயரையும் அன்று தட்டச்சு செய்தபடியே தர வேண்டும். முன்னெழுத்தைப் பின்னால் எழுதினீர்களா, முன்னால் எழுதினீர்களா என்று நம்மவர்களுக்கு இதில் தடுமாற்றம் வரும், இரண்டையும் முயலுங்கள். என் பதினான்கு நூல்களும் இப்படித்தான் இன்றும் திறக்கின்றன. கடை மூடினாலும் வாங்கியவன் கையில் சாவி இருந்த ஏற்பாடு இது. அதற்குப் பின் வந்த பல பூட்டுகளைவிட இது எவ்வளவோ நேர்மையானது என்பேன்.

16. கிண்டில் நூலை இதில் போட்டால் படிக்குமா?

நேரடியாகப் படிக்காது. காலிபரில் மாற்றி ஏற்றுங்கள், 8-இல் சொன்னபடி. பூட்டுள்ள நூல் மாறாது. ஆனால் உறவு இருக்கிறது. பாமுக்கு நூல் தந்தவற்றுள் 2000-இல் பிரான்சில் தொடங்கிய மொபிபாக்கெட் ஒன்று. 2005-இல் அமேசான் அதை வாங்கியது. அதன் கோப்பு வடிவம் பாமின் பிடிபி பெட்டகத்தின் மேல் கட்டியது. கிண்டிலின் மொபி கோப்புகளும் அதே பெட்டகத்தில்தான் வந்தன.

17. நாட்குறிப்பில் 2032-ஐத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. பழுதா?

பழுதில்லை. பாம் ஆண்டைக் குறிக்க ஏழு பிட் (0 அல்லது 1 மட்டும் கொள்ளும் ஏழு இடங்கள்) மட்டும் ஒதுக்கியது. கணக்கைத் தொடங்குவது 1904-இலிருந்து. ஏழு பிட்டில் 127 வரைதான் எண்ண முடியும். 1904-உடன் 127-ஐக் கூட்டினால் 2031. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குப் பிறகு நாட்குறிப்பு பயன்படாது. நூல் படிப்பதற்குத் தேதி தேவையில்லை என்பதால் நான் கவலைப்படவில்லை.

18. வாங்குவதற்கு முன் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்க்க முடியுமா?

இன்டர்நெட் ஆர்க்கைவ் 2022-இல் பாம் செயலிகளின் பெரிய தொகுப்பை வெளியிட்டது. உலாவியிலேயே திறந்து, மவுஸை ஸ்டைலஸாக வைத்துப் பார்க்கலாம். கையில் பிடிக்கும் சுகம் கிடைக்காது, வேகமும் எளிமையும் புரியும்.

19. அப்பா தவறிவிட்டார். அவருடைய பாம் 3 கிடைத்தது, பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறது. அவர் எழுதியவை உள்ளே இருக்குமா?

கருவிக்குள் இருக்காது. 5-இல் சொன்ன காரணத்தால் அவை எப்போதோ போயிருக்கும். கசிவை மட்டும் சுத்தம் செய்யலாம்: ஆல்கலைன் கசிவு காரத்தன்மை உடையது, பஞ்சு சுற்றிய குச்சியில் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்துக் காயவிடுங்கள். தகடு அரிக்காமல் இருந்தால் கருவி மறுபடி ஓடும்.

அவர் எழுதியதைத் தேட வேண்டிய இடம் அவருடைய பழைய கணினி. ஹாட்சிங்க் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு படி அங்கே தங்கியது. விண்டோஸ் கணினியானால் சி டிரைவில் பாம் என்ற ஃபோல்டரும், அதற்குள் அவர் பெயரையோ பெயர்ச் சுருக்கத்தையோ தாங்கிய இன்னொரு ஃபோல்டரும் இருக்கும். அதனுள் முகவரி, நாட்குறிப்பு, குறிப்பேடு எல்லாம் தனித்தனியாக இருக்கும். குறிப்பேட்டின் ஃபோல்டர் மெமோபேட். ஒரு குறிப்பு சுமார் 4000 எழுத்துக்கு மேல் போகாது என்பதால் நீண்டதைப் பலர் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுப் பிரித்து வைப்பார்கள், எல்லாவற்றையும் பாருங்கள்.

கணினி ஓடாவிட்டாலும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்துப் படிக்கலாம். அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டதும், எதையும் திறந்து பார்ப்பதற்கு முன், முழுதாக இரண்டு இடத்தில் படி எடுத்து வையுங்கள்.